உனக்கும் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்றாயே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. வீடு மும்பை செம்பூரில், படிப்பது இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு, கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்திருக்கிறாய் என்றெல்லாம் விவரமாக எழுதிவிட்டு, சொல்ல வந்ததைக் கடைசி வரியில் ஒளித்து வைத்திருந்தாய். "டீச்சர், வீட்டில் தமிழ்தான் பேசுவோம். ஆனால் எனக்கே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். தாராவியில் நீங்கள் நடத்தும் சனிக்கிழமை வாசிப்பு வகுப்புக்கு நான் வந்து கணக்கு மட்டும் சொல்லித்தரட்டுமா?"

இந்த ஆண்டு இதே கேள்வியைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீ. மூன்று பேருக்கும் தனித்தனியாக எழுத என் கைவலி விடாது. அதனால் பொதுவிலேயே பதில் சொல்கிறேன். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே.

கணக்கு வேண்டாம். தமிழ் வாசிக்கச் சொல்லித்தரவே வா. எழுத்துக்கூட்டித்தான் வரும் என்பதாலேயே வா என்கிறேன். சமாதானத்துக்காகச் சொல்வதாக நினைக்காதே. காரணம் இருக்கிறது. அதற்கு முன் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பல ஆண்டு வேலை பார்த்து, 58 வயதில் ஓய்வு பெற்றவள் நான். ஒரு நான்காம் வகுப்பில் மூன்றாவது வரிசையில் ஒரு பெண் இருந்தாள். வீட்டில் இட்லி வியாபாரம். விடியும் முன்பே எழுந்து அம்மாவுக்குத் தட்டு கழுவிக் கொடுத்துவிட்டு வருவாள். கண்ணில் எப்போதும் தூக்கம். ஆனால் எழுப்பிப் படிக்கச் சொன்னால் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிப்பாள், ஒரு இடத்திலும் தட்டாது. நான் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுவேன். ஐம்பது பிள்ளைகள் இருந்த வகுப்பு அது.

ஒருநாள் ஏதோ தோன்றி, பத்தியின் நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து "இது என்ன?" என்று கேட்டேன். அவள் அந்தச் சொல்லைப் பார்க்கவில்லை. பத்தியின் தலைக்குப் போய், உதட்டை அசைத்துக்கொண்டே முதலிலிருந்து முணுமுணுத்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கினாள். என் விரல் இருந்த இடத்துக்கு வந்ததும் "மரம்" என்றாள். சரியான விடைதான். அடுத்து, அதே "மரம்" என்ற சொல்லைக் கரும்பலகையில் தனியாக எழுதிக் கேட்டேன். என் முகத்தைப் பார்த்தாளே தவிர வாய் திறக்கவில்லை.

நான்கு ஆண்டு பள்ளிக்கு வந்த பெண் அவள். ஒரு எழுத்துகூடத் தெரியாமல் முழுப் புத்தகத்தையும் காதால் மனப்பாடம் செய்திருக்கிறாள். அந்தக் காதும் மூளையும் எனக்கு இருந்தால் நான் இன்னும் பெரிய வேலைக்குப் போயிருப்பேன். அவளைப் போல இன்னும் எத்தனை பேரை முதல் வரிசையில் உயர்ந்த கைகளை மட்டும் பார்த்தே கடந்து போனேனோ. எண்ணிப் பார்க்காமல் இருப்பதே எனக்கு நல்லது.

அதனால் நீ வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. எந்த வகுப்பு என்று கேட்காதே. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005இலிருந்து நடத்தும் 'அசர்' கணக்கெடுப்பில் இதற்கு ஒரு எளிய தாள் வைத்திருக்கிறார்கள். சில எழுத்துகள், சில சொற்கள், முதல் வகுப்பு அளவில் நான்கு வரிப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு குட்டிக் கதை. அவ்வளவுதான். ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்துக் கேட்டால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அதை வீடுவீடாகக் கொண்டு போகிறவர்களில் பலர் உன் வயதுக் கல்லூரிப் பிள்ளைகள்தான். 2024இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் அந்த இரண்டாம் வகுப்புக் கதையைப் படித்தவர்கள் 48.8 சதவீதம். இது கிராமங்களில் மட்டும் எடுத்த கணக்கு. நம் சந்துகள் அதில் வராது. வந்தால் மட்டும் தலைநிமிர்ந்து நிற்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

இனி உன் எழுத்துக்கூட்டலுக்கு வருகிறேன்.

நீ எந்த இடத்தில் திணறுகிறாய் என்று எழுதவில்லை. ஆனாலும் என்னால் சொல்ல முடியும். கொம்பில்தானே? 'கொ'வைப் பார்த்ததும் கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது, பிறகு 'க'வை, பிறகு காலை. மூன்றையும் தாண்டிப் போய்த் திரும்பி வந்தால்தான் ஒலி கிடைக்கிறது. வாயில் மெய் முந்துகிறது, தாளில் கொம்பு முந்துகிறது. நீ பள்ளியில் படித்த, இந்தியும் மராத்தியும் எழுதப்படும் தேவநாகரியில் 'கே'க்கும் 'கை'க்கும் குறி தலைக்கு மேல் உட்கார்ந்துவிடும். அங்கே முன்னால் வந்து விழுவது 'கி'யின் கொக்கி மட்டும். தமிழிலோ அந்தக் கொக்கி பின்னால் ஒட்டிக்கொள்கிறது. மராத்தியையும் இந்தியையும் தமிழையும் ஒரே வாரத்தில் படிக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு இது எப்படிப்பட்ட குழப்பம் என்று, தமிழ்நாட்டில் படித்து இங்கே வந்த எனக்குப் புரியவே பல ஆண்டுகள் ஆயின. உனக்கு அது நேற்றுப் பட்ட பாடு.

இன்னொன்று, குறில் நெடில். இந்தியில் எ, ஏ இரண்டுக்கும் தனித்தனி எழுத்து கிடையாது. ஒ, ஓ அப்படியே. ஒருமுறை வகுப்பில் "ராஜா அம்மாவிடம் பழம் கேட்டான்" என்ற வரியை ஒரு பையன் "ராஜா அம்மாவிடம் பழம் கெட்டான்" என்று படித்தான். அறை முழுக்கச் சிரிப்பு. அவனும் சேர்ந்து சிரித்தான், ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வாரம் வாயே திறக்கவில்லை. ஓலைச்சுவடிக் காலத்தில் எ, ஒ குறிலுக்கு மேலே புள்ளி வைப்பது வழக்கம். ஓலை கிழிந்துவிடும் என்று அந்தப் புள்ளியையும் எழுதுகிறவர்கள் விட்டுவிடுவார்கள். பிறகு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வந்து கொம்பை மேலே சுழித்து நெடிலாக்கினார் என்று பள்ளியில் சொல்லித்தருவோம். ஆகக் கேட்டானையும் கெட்டானையும் இடம் பார்த்துப் பிரித்துப் படித்த பண்டிதர்கள் பல நூறு ஆண்டுகள் இருந்திருக்கிறார்கள். அந்தப் பையனிடம் இதைச் சொன்ன பிறகுதான் அவன் மறுபடி வாயைத் திறந்தான்.

அடுத்தது 'க'. இந்தியில் நான்கு எழுத்து செய்யும் வேலையை இங்கே ஒன்றே பார்க்கிறது. 'கடல்' என்பதில் ஒரு ஒலி, 'தங்கம்' என்பதில் வேறொரு ஒலி, 'பகல்' என்பதில் இன்னொன்று. எழுத்து மட்டும் மாறுவதில்லை. எங்கே எது வரும் என்று பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? சொல் அதற்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். தங்கம் என்று வீட்டில் ஆயிரம் முறை கேட்டிருந்தால் எழுத்தைப் பார்த்ததும் வாய் தானாகத் திருத்திக்கொள்ளும். பேசும் மொழியில்தான் முதலில் வாசிக்கக் கற்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

சனிக்கிழமை வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் இப்போது ஆங்கில வழியில் படிக்கிறார்கள். அவர்களின் அம்மாக்கள் வாசலில் நின்று "தமிழ் எதுக்கு டீச்சர், இங்கிலீஷ் சொல்லிக்கொடுங்க" என்பார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வீட்டு வேலைக்குப் போகும் இடத்தில் எந்த மொழிக்கு மரியாதை என்று தினமும் பார்த்துவிட்டு வருகிறார்கள். வாசிப்பு என்கிற வித்தை ஒருமுறை பிடிபட்டால் போதும், அடுத்த மொழிக்கு எழுத்து மட்டும்தான் புதிது என்று சொல்லிப் பார்ப்பேன். சிலர் நம்புவார்கள். சிலர் என் வயதுக்கு மரியாதை கொடுத்துப் பேசாமல் போவார்கள்.

"பயிற்சி பெறாத நான் சொல்லித்தந்தால் பலன் இருக்குமா" என்றும் கேட்டிருந்தாய். இதே மும்பையில் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. பிரதம் 1995இல் பிறந்தது இந்த ஊர்க் குடிசைப் பகுதிகளில்தான். அவர்கள் நடத்திய 'பால்சகி' திட்டத்தில், வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே பிரித்து, பள்ளி நேரத்திலேயே ஒரு நாளில் இரண்டு மணி நேரம் அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லித்தந்தார்கள். சொல்லித்தந்தவர்கள் அந்தந்தப் பகுதியிலேயே பள்ளிப் படிப்பு முடித்திருந்த இளம்பெண்கள். இரண்டு வாரப் பயிற்சிதான் அவர்களுக்கு. மும்பையிலும் வதோதராவிலும் 2001 முதல் 2003 வரை இதை அளந்து பார்த்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் உண்டு. 2019இல் பொருளாதார நோபல் வாங்கினார்களே, அவர்கள்தான். அதிகமாக முன்னேறியவர்கள் அடிமட்டத்தில் இருந்த பிள்ளைகளே. படித்துவிட்டு எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. டிப்ளமோ வாங்கிய நான் செய்யாததை, பத்தாம் வகுப்பு முடித்த பக்கத்துத் தெருப் பெண் செய்திருக்கிறாள்.

அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் மேடையில் சொல்வதில்லை. திட்டம் முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, கிடைத்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி கரைந்து போயிருந்தது.

இதைச் சொல்லும்போது உன் கல்லூரிக் கணக்கும் நினைவுக்கு வருகிறது. நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கியது. ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240. முடித்தால் சான்றிதழ். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 120 மணி நேரத்தை எப்படிப் பங்கு போடுகிறார்கள் என்பதில்தான் எனக்குக் கோபம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியிலிருந்து நாற்பது பேர் பேனரோடு வந்தார்கள். பிள்ளைக்கு ஒரு கிரேயான் பெட்டி, ஒரு சாக்லேட், ஒரு விளையாட்டு, நிறையப் படம். அன்று முழுநாளும் கணக்கில் ஏறியிருக்கும். அடுத்த சனிக்கிழமை ஆறு பேர் வந்தார்கள். கணபதி பண்டிகை முடிந்ததும் இரண்டு பேர். அக்டோபரில் செமஸ்டர் தேர்வு வந்தது, ஒருவரும் இல்லை.

அந்த இரண்டு பேரில் கண்ணாடி போட்ட ஒருவன் உண்மையாகவே நன்றாகச் சொல்லித்தந்தான். கொம்பை வாயால் 'டக்' என்று ஒலித்துக் காட்டுவான், பிள்ளைகள் அதை மறக்கவே இல்லை. தேர்வுக்குப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஒரு பெண் பிள்ளை பாயில் தன் பக்கத்தில் பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டே இருந்தாள். தீபாவளிக்குப் பிறகு பை அவள் மடிக்கு வந்துவிட்டது. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

உனக்கும் தேர்வு வரும், தெரியும். தேர்வு முக்கியம்தான், உன் அப்பா பணம் கட்டியிருக்கிறார். மூன்று வாரம் வர முடியாது என்றால் அதற்கு முந்தைய சனிக்கிழமை பிள்ளைகளை உட்கார வைத்து, எந்தத் தேதியில் திரும்பி வருவாய் என்று நாள்காட்டியில் வட்டம் போட்டுவிட்டுப் போ. அந்த நாளில் வா. மழையில் சயன் பக்கம் தண்ணீர் தேங்கி ரயில் நின்றுவிட்டால் போன் செய், நான் சொல்லிக்கொள்கிறேன். வாரம் ஒரு மணி நேரம் என்றால் வாரம் ஒரு மணி நேரம். ஒரே நாளில் எட்டு மணி நேரம் எனக்கு வேண்டாம்.

உன்னிடம் இரண்டே பிள்ளைகளைத் தருவேன். ஒருவன் மூன்றாம் வகுப்பு, எழுத்து தெரியும், கூட்டத் தெரியாது. இன்னொருத்தி ஐந்தாம் வகுப்பு, நான் சொன்னேனே, அந்த ஒப்பிக்கும் ஜாதி. அவளிடம் பாடப்புத்தகத்தைத் திறக்காதே, கேட்டாலும் திறக்காதே. அவளையே ஏதாவது சொல்லச் சொல்லி அதை எழுது. நேற்று என்ன சமைத்தார்கள், குழாயில் எப்போது தண்ணீர் வந்தது, யாரோடு சண்டை என்று எதுவானாலும் சரி. மூன்று வரி போதும். வரிகளைச் சீட்டுச் சீட்டாகக் கத்தரித்துக் கலைத்துப் போட்டுப் படிக்கச் சொல். கலைத்துவிட்டால் மனப்பாடம் உதவாது, எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும். எழுதும்போது உனக்கு 'ல'வா 'ள'வா என்று சந்தேகம் வந்தால் மறைக்காமல் என்னைக் கூப்பிட்டுக் கேள். அண்ணாவுக்கும் சந்தேகம் வரும் என்று அவள் பார்க்கட்டும்.

கிரேயான் வேண்டாம். சாக்லேட் வேண்டவே வேண்டாம். ஒரு கத்தரிக்கோலும் நான்கு பென்சிலும் எடுத்து வா. 90 அடிச் சாலையில் இறங்கியதும் போன் செய், சந்துக்குள் ஆள் அனுப்புகிறேன், தனியாக வந்தால் தொலைந்துபோவாய். வகுப்பு நான்கு மணிக்கு. நீ மட்டும் மூன்றரைக்கே வந்துவிடு. பிள்ளைகள் வருவதற்குள் ஒரு பக்கம் எனக்கு நீ சத்தமாகப் படித்துக்காட்ட வேண்டும்.

அன்புடன்,
டீச்சர்