ஹுண்டர் ஒட்டகமும் காங்கேயம் காளையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கோடை விடுமுறைச் சிறப்புப் பக்கத்தில் லடாக்கின் நூப்ரா பள்ளத்தாக்கு ஒட்டகச் சவாரி பற்றிய கட்டுரை வெளிவந்ததையும், அதற்கு மறுப்பாக, விலங்கின் முதுகில் ஏறி வேடிக்கை பார்ப்பது கொடுமை என்றும் இத்தகைய சவாரிகளை நாடு முழுவதும் தடை செய்ய வேண்டும் என்றும் ஈரோட்டு வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தையும் படித்தேன். அவருடைய இரக்கத்தை மதிக்கிறேன். ஆனால் அவர் கேட்கும் தடை அந்த ஒட்டகங்களையே இல்லாமல் செய்துவிடும் என்று அஞ்சுவதால் இதை எழுதுகிறேன். நான் காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கால்நடை ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் வீட்டுத் தொழுவத்தில் இன்றும் காங்கேயம் மாடுகள் நிற்கின்றன. சென்ற ஆண்டு ஜூன் மாதம் என் மனைவியுடன் அதே பள்ளத்தாக்குக்குச் சென்று, அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இருமுறை ஒட்டகத்தில் போய் வந்தேன். அந்த இரண்டு சவாரிகளுக்கும் இடையே நான் கண்ட வேறுபாட்டைத்தான் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

லே நகரிலிருந்து 17,500 அடிக்கு மேல் உயரமுள்ள கர்துங்லா கணவாயில் ஏறி இறங்கி, சுமார் 125 கிலோமீட்டர் போனால் ஹுண்டர் என்ற சிற்றூர் வருகிறது. அது ஏறத்தாழ 10,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஷியோக் ஆறு கொண்டுவந்து சேர்த்த மணல் காற்றில் குவிந்து வெளிர்சாம்பல் நிற மேடுகளாகக் கிடக்க, இருபுறமும் புல் பூண்டற்ற மலைகளும், அவற்றின் தலையில் பனியும், நடுவே ஓர் ஓடையும், ஓடையோரம் சீபக்தார்ன் முட்புதர்களுமாக அந்த இடம் விரிகிறது. மழைமறைவுப் பகுதி என்றால் என்னவென்று காங்கேயத்துக்காரர்களுக்கும் தாராபுரத்துக்காரர்களுக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலை செய்வதை, அவர்களுக்கு இமயமலை இன்னும் கடுமையாகச் செய்திருக்கிறது.

அங்குள்ளவை ராஜஸ்தானில் நாம் காணும் ஒற்றைத் திமில் ஒட்டகங்கள் அல்ல. இரட்டைத் திமிலும், குட்டையான கட்டுமஸ்தான உடலும், அடர்ந்த மயிரும் கொண்ட நடு ஆசியக் குளிர்ப் பாலைவனத்து இனம். இன்று சீனாவில் உள்ள யார்க்கண்டிலிருந்து காரகோரம் கணவாய் வழியாக லே வரை வந்து போன வணிகக் கூட்டங்களின் பொதியை அவை சுமந்தன. 1949-க்குப் பிறகு எல்லை மூடப்பட்டு அந்த வணிகம் நின்றபோது, வந்த இடத்திலேயே தங்கிப்போன ஒட்டகங்களின் வழிவந்தவைதான் இன்றைய ஹுண்டர் ஒட்டகங்கள். சுமக்கப் பொதி இல்லாததால் அவற்றைத் தேடுவாரும் இல்லாமல் போய், பல ஆண்டுகள் முட்புதர்களில் தாமாகவே மேய்ந்து திரிந்தன. 1990-களில் நூப்ரா வெளியூர்ப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்ட பின்னர்தான் அவற்றுக்கு மறுபடியும் கயிறு பிடிக்க ஆள் கிடைத்தது. ஈரோட்டு வாசகர் இந்த வரலாற்றைக் கணக்கில் எடுத்திருந்தால் தடையைக் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

முதல் சவாரியைச் சொல்கிறேன். நம் பகுதியிலிருந்து எங்களைக் குழுவாக அழைத்துச் சென்ற சுற்றுலா ஏற்பாட்டாளரின் திட்டப்படி மாலை ஐந்து மணிக்கு ஹுண்டரில் இறங்கினோம். ஆளுக்குப் பதினைந்து நிமிடம், அதற்குள் படம் எடுத்துக்கொள்ள வேண்டும், ஆறு மணிக்கு வண்டி கிளம்பிவிடும் என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து ஐந்து ஒட்டகங்களாக, ஒன்றின் மூக்குக்குச்சியில் கட்டிய கயிறு முன்னால் போவதன் சேணத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஒரு சுற்று முடிந்ததும் உட்கார வைப்பார்கள், ஆள் இறங்குவார், அடுத்த ஆள் ஏறுவார், உடனே எழுப்பிவிடுவார்கள். நான் வரிசையில் நின்ற நேரத்தில் எனக்கு எதிரே இருந்த ஒரே ஒட்டகம் ஒன்பது முறை உட்கார்ந்து எழுந்தது. பாரத்தோடு நடக்கும்போது வலிப்பதைவிட, பாரத்தோடு மண்டியிட்டு எழும்போதுதான் மூட்டு அதிகம் வலிக்கும் என்பதை மாடு வளர்த்தவர்கள் அறிவார்கள். ஒரு பெரியவர் வளர்ந்த பேரனையும் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போனதை யாரும் தடுக்கவில்லை.

எங்கள் குழுவில் சிலர், ஒட்டகங்களின் கழுத்திலும் தொடையிலும் மயிர் கொத்துக் கொத்தாகப் பிய்ந்து தொங்குவதைப் பார்த்துச் சொறி பிடித்திருக்கிறது என்று முகம் சுளித்தார்கள். அது நோயன்று. குளிர்காலத்துக்கு வளர்ந்த மயிரைக் கோடையில் அந்த இனம் அப்படித்தான் உதிர்க்கும். திமில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடப்பதும் பெரும்பாலும் கொழுப்பு கரைந்ததன் அடையாளம். மேய்ச்சல் கிடைத்தால் நிமிர்ந்துவிடும். ஆனால் யாரும் பார்க்காத இடத்தில் உண்மையான கோளாறு இருந்தது. வரிசையில் மூன்றாவதாக நின்ற ஒட்டகத்தின் விலாப்புறம், வயிற்றுக் கயிறு உராயும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து, சிவந்து, நீர் கோத்திருந்தது. மேலே போட்ட கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினால்தான் அது தெரியும். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொல்லி, கயிறு பிடித்திருந்த இளைஞரிடம் காட்டினேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. கயிற்றைத் தளர்த்தி, கம்பளத்தை இறக்கி, அந்த ஒட்டகத்தை வரிசையிலிருந்து பிரித்து ஓடைக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனார். முகம் கோணியவர் எங்கள் ஏற்பாட்டாளர்தான். ஒரு ஒட்டகம் குறைந்தால் எல்லோருக்கும் நேரமாகிவிடும் என்பது அவருடைய கவலை.

அன்றிரவு குழுவினர் பக்கத்து ஊரான டிஸ்கிட்டில் தங்கினார்கள். மறுநாள் காலை அவர்கள் மடாலம் பார்க்கப் போக, நாங்கள் இருவர் மட்டும் அதே இளைஞரிடம் இரண்டு மணி நேரச் சவாரிக்குப் பேசி, பணத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு ஹுண்டருக்குத் திரும்பினோம். அவர் முதலில் செய்தது, இரண்டு ஒட்டகங்களின் வயிற்றுக் கயிற்றுக்கும் விலாவுக்கும் இடையே விரல்களை நுழைத்துப் பார்த்ததும், கம்பளத்தில் சிக்கியிருந்த முள்ளைத் தேடி எடுத்ததும்தான். நுகத்தடி பூட்டுவதற்கு முன் காளையின் கழுத்தைத் தடவிப் பார்க்கும் நம் ஊர் வண்டிக்காரர்கள் என் நினைவுக்கு வந்தார்கள். ஒட்டகம் எழும்போது முதலில் பின்னங்கால்களை நிமிர்த்தும். ஏறியவர் முன்னால் சரிந்துவிடாமல் பின்னுக்குச் சாய்ந்துகொள்ள வேண்டும் என்று சைகையால் காட்டினார். "ஏனுங்க, இதும் நம்ம மாட்டாட்டமே பொறத்தாலதான் எந்திரிக்குதுங்க" என்று என் மனைவி சொன்னபோது அவருடைய பயம் பாதி போய்விட்டிருந்தது.

இரண்டு திமில்களுக்கும் நடுவே உட்காருவது தொட்டிலில் உட்காருவதைப் போன்றது. ஒருபக்கத்து முன்னங்காலும் பின்னங்காலும் சேர்ந்தே முன்னால் வருவதால் உடம்பு இடமும் வலமுமாக ஆடுகிறது. அந்த ஆட்டத்தோடு இடுப்பைத் தளர்த்திக்கொண்டால் சிறிது நேரத்தில் அது பழகிவிடுகிறது. குளம்பு இல்லாத, மெத்தை போன்ற அகன்ற பாதங்கள் மணலில் ஓசையே எழுப்புவதில்லை. ஓடையில் இறங்கும்போது மட்டும் தண்ணீர் சலசலத்தது. இளைஞர் கயிற்றைத் தளர்வாகப் பிடித்தபடி முன்னால் நடந்தார். வழியில் சீபக்தார்ன் புதர்கள் வந்தபோதெல்லாம் நின்றார். விரல் நீள முட்களுக்கு நடுவே மேலுதட்டைச் செலுத்தி, இலையை மட்டும் உருவித் தின்னும் லாகவத்தை அவ்வளவு அருகில் இருந்து பார்த்தது என் பணிக்காலம் முழுவதிலும் கிடைக்காத பாடம். நம் கொரங்காட்டில், அதாவது வேலியிட்ட மேய்ச்சல் காட்டில், வெள்வேல மரத்தடியில் நெற்றுகளைப் பொறுக்கித் தின்னும் மாடுகளிடம் இப்படியொரு பொறுமையைப் பார்த்திருக்கிறேன். பாதி வழியில் அவரே எங்களை இறங்கச் சொல்லி, அரை மணி நேரம் ஒட்டகங்களை மேயவிட்டார். டிஸ்கிட் குன்றின் மேல் இருக்கும் 106 அடி உயர மைத்ரேய புத்தர் சிலை தொலைவில் வெயில் பட்டு நிற்க, நாங்கள் இருவரும் மணலில் உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரத்துக்காகவே அவ்வளவு தூரம் போனது தகும்.

இனி, தடை பற்றிய என் கருத்துக்கு வருகிறேன். 2019-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருந்த ஒட்டகங்கள் ஏறத்தாழ 2.5 லட்சம். 2012-இல் அவை 4 லட்சமாக இருந்தன. ஏழே ஆண்டுகளில் 37 விழுக்காடு குறைந்திருக்கிறது. மிகப் பெரும்பாலானவை ராஜஸ்தானில் இருப்பவை. அந்த மாநிலம் 2014-இல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்து, 2015-இல் அதைக் கொல்வதைத் தடுக்கவும், மாநில எல்லைக்கு வெளியே கொண்டுபோவதைக் கட்டுப்படுத்தவும் சட்டம் இயற்றியது. நோக்கம் நல்லது. ஆனால் வெளி மாநிலத்துக்கு விற்க முடியாத ஒட்டகத்துக்குச் சந்தையில் விலை விழுந்தது. தலைமுறை தலைமுறையாக ஒட்டகம் வளர்த்துவந்த ராய்கா சமூகத்தினர் பிள்ளைகளை வேறு வேலைக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஏர் உழவும் நீர் இறைக்கவும் பொதி சுமக்கவும் பயன்பட்ட இடங்களை டிராக்டரும் மோட்டாரும் சரக்கு வண்டியும் முன்பே பிடித்துக்கொண்டிருந்தன.

இந்தக் கதை நமக்குப் புதிதா? கிணற்றில் கவலை இறைத்த காலம் வரை கொங்கு நாட்டில் காளை இல்லாத தோட்டம் இல்லை. மின்மோட்டார் வந்தது, டிராக்டர் வந்தது, பொலி காளைகளும் வண்டிக் காளைகளும் ஒவ்வொன்றாகத் தொழுவத்தை விட்டு வெளியேறின. கிளுவை வேலியும் கொழுக்கட்டைப் புல்லுமாக இருந்த கொரங்காடுகள் பல இடங்களில் மனைகளாகிவிட்டன. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ஜல்லிக்கட்டும் ரேக்ளா பந்தயமும் நின்றபோது, எங்கள் வட்டாரத்தில் காளைக் கன்று ஈன்ற வீட்டில் மகிழ்ச்சி இல்லாமல் போனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2017-இல் சட்டம் திருத்தப்பட்டு, முறைப்படுத்தப்பட்ட பந்தயங்கள் மீண்டும் நடக்கத் தொடங்கிய பிறகு, கண்ணபுரம் மாரியம்மன் கோயில் மாட்டுச் சந்தையில் காளைக் கன்றுக்கு மறுபடியும் கேட்பார் வந்தார்கள். அந்தப் பந்தயங்களிலும் தார்க்குச்சியும் வேறு கொடுமைகளும் இருந்தன என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. அவற்றைத் தடுக்கத்தான் விதிகளும் மருத்துவர் பரிசோதனையும் வந்தன. அதே வழியை ஒட்டகத்துக்கும் கேட்கிறேன்.

ஓர் ஒட்டகத்தில் ஒருவர் மட்டுமே ஏற வேண்டும். ஒரு சுற்று என்பது குறைந்தது ஒரு மணி நேரமாக இருந்தால், அந்த ஒட்டகம் ஒரு நாளில் உட்கார்ந்து எழும் தடவைகள் தாமாகவே குறையும். வளர்ப்பவரின் வருமானமும் குறையாது. சேணத்துக்கு அடியில் புண் இருக்கும் ஒட்டகத்தை ஆறும் வரை ஏற்றத்துக்கு விடக் கூடாது. இவற்றுக்குப் பெரிய சட்டம் தேவையில்லை. ஏறும் பயணி கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஏறினாலே பாதிக் கோளாறு தீர்ந்துவிடும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பொருட்காட்சித் திடல்களிலும் திருவிழாக்களிலும் ராஜஸ்தானிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒட்டகங்களில் குழந்தைகளை ஏற்றுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. மணலுக்கென்று அமைந்த பாதத்தைச் சித்திரை வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையில் நடக்கவிடுகிறோம். கடிக்கும் ஈக்கள் பரப்பும் சர்ரா நோய் ஒட்டகத்தை உருக்குலைக்கக் கூடியது. ஈரமும் ஈயும் மிகுந்த இடங்களில் அந்த ஆபத்து கூடுதல். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொருட்காட்சியில் அப்படிப்பட்ட ஒட்டகம் ஒன்றை, எலும்பு துருத்தி, கண் பீளை கட்டி நின்ற நிலையில் பார்த்தேன். அருகில் தண்ணீர்த் தொட்டிகூட இல்லை. ஈரோட்டு வாசகரின் கோபம் இந்தத் திடல்களின் பக்கம் திரும்பினால் நானும் அவரோடு நிற்பேன். ஒட்டகத்தில் ஏற விரும்பும் குடும்பங்கள் அது வாழும் மண்ணுக்குப் போகட்டும்: கோடையில் ஹுண்டர், குளிர்காலத்தில் ஜெய்சல்மேர் பக்கத்து மணல்மேடுகள். லடாக் போகிறவர்கள் லேயில் இரண்டு நாட்களாவது தங்கி உடம்பை உயரத்துக்குப் பழக்கிக்கொண்ட பிறகே கணவாய் ஏற வேண்டும். எங்கள் குழுவில் அவசரப்பட்டவர்கள் தலைவலியோடும் வாந்தியோடும் ஊர் திரும்பினார்கள்.

கோவை, திருப்பூர், ஈரோடு நகரங்களிலிருந்து குழுச் சுற்றுலா நடத்துவோருக்குத் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஹுண்டரில் ஒரு மாலை என்பதை ஓர் இரவும் ஒரு காலையும் என்று மாற்றுங்கள். கட்டணம் சற்றுக் கூடினாலும் நம் மக்கள் தருவார்கள். சவாரிக்கான பணத்தைக் கயிறு பிடிப்பவர் கையில் பயணியே கொடுக்கட்டும். ஆசிரியர் அவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். இனி இத்தகைய சுற்றுலாக் கட்டுரைகளை வெளியிடும்போது, எங்கே நின்றால் படம் அழகாக வரும் என்பதோடு, ஏறுவதற்கு முன் ஒட்டகத்தின் விலாவிலும் பாதத்திலும் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் நான்கு வரி சேர்த்துப் போடுங்கள். வேண்டுமென்றால் அந்த நான்கு வரியை நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
வெள்ளகோவில், திருப்பூர் மாவட்டம்.