பீரோவில் தொங்கும் அங்கி

அன்புள்ள சோடாபுட்டிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கம். அதில் மூன்றே முக்கால் பக்கத்துக்கு வெல்வெட், லைனிங், கழுத்தை இறுக்கும் அங்கி என்று அளந்துவிட்டு, கடைசிக் கால் பக்கத்தில்தான் விஷயத்துக்கு வருகிறாய். பிடித்த கதாபாத்திரத்தின் வேஷம் கட்டிக்கொண்டு கூடும் காஸ்ப்ளே விழாவுக்குப் போக, விடியுமுன் எழுந்து முழு வேஷமும் கட்டி, விக் வைத்து, கண்ணாடி முன் நின்று பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் கழற்றி பீரோவில் மாட்டினாயாம். கூட வர இருந்தவர்களிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாயாம். படித்ததும் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. அதே காய்ச்சல் எனக்கும் இரண்டு தடவை வந்திருக்கிறது. உன்னிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

முதலில் அங்கியைப் பார்த்துவிடலாம், அது சுலபம். அதன் எடை முழுக்க உன் கழுத்து முடிச்சில் தொங்குகிறது, அதனால்தான் தொண்டையை இறுக்குகிறது. முடிச்சு பார்வைக்கு மட்டும் இருக்கட்டும். சட்டைக்கு மேலே, கவசத்துக்கு உள்ளே, இரண்டு பட்டை தைத்துக்கொள். தோளில் ஏறி, மார்பில் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே போய், முதுகுப்பக்கம் முடிய வேண்டும். அங்கியைத் தோள்மேட்டில் அந்தப் பட்டையோடு கொக்கி போட்டு மாட்டு. எடை தோளுக்குப் போய்விடும், தொண்டை தப்பிக்கும்.

அங்கியில் ஒரு பாதி கருஞ்சிவப்பாகவும் மறு பாதி வெளுத்தும் தெரிகிறது, துணி மோசம் என்று எழுதியிருந்தாய். துணி பாவம், அதைத் திட்டாதே. வெல்வெட்டின் ரோமம் ஒரே பக்கமாகப் படியும். உள்ளங்கையால் தடவிப் பார், ஒரு திசையில் வழுக்கும், எதிர்த் திசையில் எழுந்து நிற்கும். நீ துணியை மிச்சம் பிடிக்க ஒரு பாகத்தைத் தலைகீழாகப் போட்டு வெட்டியிருக்கிறாய். வெளிச்சம் அதில் வேறு மாதிரி விழுகிறது. அந்த ஒரு பாகத்தைப் பிரித்து மறுபடி வெட்டத்தான் வேண்டும். வேறு வழி இருந்தால் சொல்ல மாட்டேனா?

இனி அந்தக் கால் பக்கத்துக்கு வருகிறேன்.

என்னை நீங்கள் எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிட்டது நினைவிருக்கிறதா? வகுப்பிலேயே உயரம் நான். குட்டையாகத் தெரிய வேண்டும் என்று தோளைக் குறுக்கிக் குறுக்கி, பிறகு அதுவே என் நடையாகிவிட்டது. இப்படிப்பட்டவள் முதன்முதலாகக் கட்டத் துணிந்த வேஷம் என்ன தெரியுமா? மார்க்கவசமும், காதைத் தொடும் தோள்பட்டைகளும், ஆளுயர ஈட்டியுமாக ஒரு காவல் வீராங்கனை. வீடியோ விளையாட்டில் அவள் நின்றால் மலை நிற்கிற மாதிரி இருக்கும்.

கவசத்துக்கு அளவு எடுக்க, உடம்பில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி அதன்மேல் டேப் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டிய டேப்பின்மேல் பேனாவால் கோடு போட்டு, கோட்டோடு வெட்டிக் கழற்றினால், அதுதான் மாதிரி. என் தங்கை ஒட்டினாள். நான் வழக்கம்போலக் கூன் போட்டு நிற்க, அவள் மர ஸ்கேலால் முதுகெலும்பில் குத்திக் குத்தி நிமிர்த்திவைத்தாள். ஆக, மாதிரி என்னுடையதாக இல்லை, நிமிர்ந்து நின்ற வேறொருத்தியுடையதாக அமைந்துவிட்டது.

மார்க்கவசம் பத்து மி.மீ. ஈவிஏ ஃபோம் (மெத்தென்ற ரப்பர் மாதிரியான தாள்), அலங்காரப் பட்டைகள் ஐந்து மி.மீ. சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைக் காட்டக் காட்ட ஃபோமின் மேற்பரப்பு லேசாகப் பளபளக்கும். அந்த நேரம் பார்த்து எடுத்து முழங்காலில் வைத்து வளைத்து, ஆறும்வரை விடாமல் பிடிக்க வேண்டும். ஆறியதும் அந்த வளைவு நின்றுவிடும். எனக்கு அதில் ஒரு பைத்தியமே பிடித்தது. தட்டையாகக் கிடந்தது தோளாக மாறும் அந்த அரை நிமிடத்துக்காகவே இன்னும் பத்து வேஷம் செய்யலாம். பசைதான் என்னைப் படுத்தியது. காண்டாக்ட் சிமெண்டை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு சேர்க்க வேண்டும். சேர்த்தால் சேர்த்ததுதான், பிரிக்க முடியாது. இரவு பதினொரு மணிக்கு இடது தோள் பட்டையை வலது தோளில் கச்சிதமாக ஒட்டிவிட்டு, தரையில் உட்கார்ந்து அழுதேன். (ஜன்னலைத் திறந்துவைத்து, ஆவியைத் தடுக்கும் முகமூடி போட்டுக்கொண்டு ஒட்டு. துணி மாஸ்க் ஆவியை நிறுத்தாது.)

எல்லாம் முடிந்து போட்டுப் பார்த்தால், கவசம் என்னைக் குத்துகிறது. கூன் போட்டால் மேல் விளிம்பு தாடையில் இடிக்கிறது, கீழ் விளிம்பு வயிற்றில் புதைகிறது. நிமிர்ந்து நின்றால் மட்டும் எங்கும் உறுத்தவில்லை. திருத்த நேரமில்லை. அப்படியே போனேன். அன்று நான் நிமிர்ந்து நடந்தது துணிச்சலால் இல்லை, தாடை வலிக்குப் பயந்து!

வாசலில் கை நடுங்கியது உண்மை. ஈட்டியைப் பிடித்திருந்ததால் வெளியே தெரியவில்லை. நீயும் கைக்கு ஏதாவது கொடு, விளக்கோ புத்தகமோ வாளோ. வெறுங்கைதான் காட்டிக்கொடுக்கும்.

நீ எழுதியிருந்த பனியன் ஆராய்ச்சி எனக்கும் தெரியும். 2000-இல் உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் கூட இருந்தவர்களும் வெளியிட்டது. கூச்சம் தருகிற ஒரு பாடகரின் முகம் போட்ட பனியனோடு மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள், உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். ‘ஆகவே யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள்’ என்று உனக்கு நீயே சமாதானம் சொல்லிக்கொண்டாயாம். அடி அசடே, அது பனியன்! நீ தரையைக் கூட்டும் சிவப்பு அங்கியும் இடுப்பு வரை வெள்ளை முடியுமாகப் போகிறாய். எல்லோரும் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்றுதானே தைத்தோம்? அந்தச் சமாதானம் கண்ணாடி முன்னால் ஐந்து நிமிடம்கூட நிற்காமல் போனதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் பார்க்கிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதில்தான் நான் ஏமாந்திருந்தேன். உள்ளே போய் கால் மணி நேரத்தில் ஒரு பெண் என்னை நோக்கி நேராக வந்தாள். போச்சு, ஏதோ சொல்லப்போகிறாள் என்று வயிறு கலங்கியது. அவள் குனிந்து என் தோள்பட்டை விளிம்பை விரலால் காட்டி, “இந்த மூலையை வெட்டும்போது கத்தியை எவ்வளவு சாய்த்தீர்கள்?” என்றாள். நாற்பத்தைந்து டிகிரி என்றேன். இரண்டு பக்கமும் அப்படிச் சாய்த்து வெட்டினால் சேர்க்கும்போது செங்கோணமாக வரும் என்றேன். பிளேடு மழுங்கினால் ஃபோம் பிய்ந்துவிடும், அடிக்கடி மாற்றுங்கள் என்றேன். இருபது நிமிடம் பேசியிருப்பேன். பள்ளியில் எழுந்து பதில் சொல்லவே வாய் வராத நான்!

மாநாட்டில் முதன்முதலில் இப்படி வேஷம் கட்டி நின்றவர்களை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு, மோரோஜோ என்று அறியப்பட்ட மிர்ட்டில் டக்ளஸ் எதிர்கால உடை இரண்டு தைத்து, ஒன்றைத் தானும் மற்றொன்றை அவருடைய நண்பர் ஃபாரஸ்ட் ஆக்கர்மனும் போட்டுக்கொண்டு போனார்கள். கூட்டத்தில் வேஷம் கட்டியிருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். காஸ்ப்ளே என்ற பெயரே 1983-இல் ஜப்பானில் நொபுயுகி தகாஹாஷி எழுதிய பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. பேர்கூட இல்லாத ஒன்றைச் செய்துகொண்டு அந்த அம்மா எப்படி வாசலைத் தாண்டினாரோ! மறு வருஷம் சிகாகோவில் மாறுவேடப் போட்டியே வைத்துவிட்டார்கள்.

நல்லதை மட்டும் சொல்லி உன்னை ஏமாற்ற விரும்பவில்லை. ஒருவர், “இந்த வீராங்கனை இவ்வளவு ஒல்லியா?” என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதற்கு மருந்து எதுவும் எனக்குத் தெரியாது. கேட்காமல் அங்கியைப் பிடித்து இழுப்பவர்களும் உண்டு. வேஷம் போட்டிருப்பது தொடுவதற்குச் சம்மதம் இல்லை என்று இப்போதெல்லாம் பல இடங்களில் பலகையே வைக்கிறார்கள். உரக்கச் சொல், கூச்சப்படாதே. தனியாகப் போகவும் போகாதே.

பிற்பகலில் என் இடுப்புப் பட்டை அறுந்தது. பத்துத் தலை வில்லன் ஒருவன் சட்டென்று மண்டியிட்டு, தன் இடுப்புப் பையிலிருந்து ஊக்கை எடுத்துக் குத்திவிட்டான். ஒன்பது தலைகள் என் வயிற்றில் இடித்தன, பத்தாவதுதான் அவனுடையது, “அசையாதீங்க” என்றது. அன்றிலிருந்து என் பையில் ஊக்கு, ஊசிநூல், இருபக்க டேப் மூன்றும் இல்லாமல் இருக்காது.

நீ இந்த வாரம் ஒன்று செய். முழு வேஷத்தையும் வீட்டிலேயே இரண்டு மணி நேரம் போட்டுக்கொண்டிரு. உட்கார், படி ஏறு, தண்ணீர் குடி, கழிவறைக்குப் போய் வா. இது வேடிக்கை இல்லை, கழிவறைதான் பெரிய பரீட்சை. எங்கே இடிக்கிறது, எது கழல்கிறது என்று எழுதிவை. பயத்தில் பாதி, எதுவோ அவிழ்ந்துவிடும் என்கிற பயம்தான். அந்தப் பாதிக்கு ஊசி போதும். மீதி எனக்கு இன்னும் போகவில்லை. போன மாதம்கூட வாசலில் வயிறு கலங்கியது. பதறுகிறது என்று சொல்லாமல் பரபரவென்று இருக்கிறது என்று சொல்லிப் பார்க்கிறேன், ஓரளவுக்குக் கேட்கிறது.

அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி? கேட்டதாகச் சொல். அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். டேப்பும் பிளாஸ்டிக் தாளும் நான் கொண்டுவருவேன். தங்கையிடம் அந்த மர ஸ்கேலையும் கேட்டு வாங்கிவிட்டேன்.

உன்
ஒட்டடைக்குச்சி

பி.கு.: வெல்வெட்டின் மேல் நேராக இஸ்திரியை வைத்துவிடாதே, ரோமம் நசுங்கிப் பளபளக்கும். டவலை விரித்து, அதன்மேல் துணியைக் குப்புறப் போட்டு, பின்பக்கத்தில் ஆவி மட்டும் காட்டு.