பிப்ரவரி 28 அன்று பரிசு கேள்விக்குக் கிடைக்கட்டும்

மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் அறிவியல் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

தேசிய அறிவியல் நாளை நம் பள்ளிகள் பேச்சுப்போட்டி, ஓவியப்போட்டி, வினாடி வினா என ஆண்டுதோறும் கொண்டாடுகின்றன. சர் சி.வி. இராமன் தம் பெயரால் வழங்கும் விளைவை (பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறுவதை) கண்டறிந்த ஆண்டு 1928, நோபல் பரிசு பெற்ற ஆண்டு 1930 என்று மாணவர்கள் தடுமாறாமல் ஒப்பிக்கிறார்கள். அந்தக் கண்டுபிடிப்புக்கு வித்திட்ட கேள்வி எது, கேட்டுப் பார்க்கும் அந்தப் பழக்கம் அவருடைய வாழ்க்கையை எந்தப் பக்கம் திருப்பியது என்பதை மட்டும் நாம் அவர்களுக்குச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்த இராமன், 1907-இல் நிதித்துறைத் தேர்வில் வென்று கல்கத்தாவில் அரசு அதிகாரியாகப் பணியேற்றார். இன்றைய பெற்றோர் பலரும் தம் பிள்ளைக்கு வேண்டிக்கொள்ளும் நிலையான உத்தியோகம் அது. ஆனால் அலுவலகம் செல்லும் முன்பும் திரும்பிய பின்பும் அவர் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில்தான் இருந்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1917-இல், சம்பளம் குறையும் என்று தெரிந்தே அரசுப் பணியை விட்டுக் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

1921-இல் இங்கிலாந்திலிருந்து ‘நார்குண்டா’ கப்பலில் திரும்புகையில், கடலின் நீலம் அவரைக் கேள்வி கேட்க வைத்தது. வானத்தின் நீலம் நீரில் பிரதிபலிப்பதே அதற்குக் காரணம் என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு சொல்லியிருந்தார். நோபல் பரிசு பெற்ற பேரறிஞர் சொன்ன விளக்கம் என்பதால், பலருக்கும் அது முடிந்துபோன செய்தி. இராமன், ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் கடத்தும் படிகக் கருவியான நிக்கோல் பட்டகத்தைக் கண்ணருகே பிடித்து, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியைத் தடுத்துவிட்டுப் பார்த்தார். பிரதிபலிப்புதான் காரணமென்றால் அப்போது நீலம் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை, முன்னிலும் அடர்ந்து தெரிந்தது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று விளக்கி, பம்பாய்த் துறைமுகத்திலிருந்தே ‘நேச்சர்’ இதழுக்கு எழுதினார். கடலின் நீலத்தில், சிவப்பொளியை நீர் உட்கவர்வதற்குப் பெரும்பங்கு உண்டு என்பது இன்று நமக்குத் தெரியும். ஆகவே இராமனின் விடையும் பின்வந்தவர்களின் கேள்விக்குத் தப்பவில்லை. எனினும், அன்று தொடங்கிய ஒளிச்சிதறல் ஆய்வுதான் ஏழாண்டுகளுக்குப் பின் 1928-இல் அவரை இராமன் விளைவிடம் கொண்டு சேர்த்தது.

இந்த வரலாற்றை நம் வகுப்பறைகளுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். பாடப்புத்தகத்தின் பின்பக்க வினாக்கள், முந்தைய ஆண்டு வினாத்தாள்கள், திருப்புதல் தேர்வுகள் என்று ஓடும் ஆண்டில், ‘இது ஏன் அப்படி?’ என்று எழுந்து நிற்கும் மாணவி பாடத்தைத் தாமதப்படுத்துபவளாகத் தெரிகிறாள். தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய நெருக்கடி உங்கள் தலைமேல் இருப்பதை அறிவேன். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆயினும், எதைப் பற்றி அறியத் தன் மனம் துடிக்கிறது என்பதை ஒருமுறைகூட உணராத பிள்ளை, பத்தாம் வகுப்பு முடிந்ததும் மதிப்பெண்ணையும் அக்கம்பக்கத்தார் பேச்சையும் வைத்தே பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கிறது. அதன்பின் கட்-ஆஃப் அதன் திசையைத் தீர்மானித்துவிடுகிறது. ஒரு பிள்ளையின் வாழ்க்கை இப்படி முடிவாவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

எனவே உங்களிடம் வேண்டுகிறேன். வரும் அறிவியல் நாளில் மாணவர்களை ஊர்க் கண்மாய்க்கோ குளத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். நிக்கோல் பட்டகம் போலவே செயல்படும் ஒரு துண்டு போலராய்டு தாளோ, போலராய்டு குளிர்க்கண்ணாடியோ போதும். அதன் வழியே நீரைச் சாய்வாகப் பார்த்தபடி மெல்லச் சுழற்றினால், ஒரு நிலையில் மேற்பரப்பின் பளபளப்பு மங்கி, அடியில் கிடக்கும் கல்லும் பாசியும் தெளியும். கப்பலில் இராமன் பயன்படுத்திய உத்தியை அவர்கள் தம் கண்ணாலேயே காணட்டும். பிறகு அவர்கள் கேட்பதையெல்லாம் வகுப்புக்கென ஒரு நோட்டில் எழுத வையுங்கள். விடை தெரியாத இடத்தில் “எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்” என்று நீங்கள் சொன்னால் மாணவர் மத்தியில் உங்கள் மதிப்பு சிறிதும் குறையாது. அன்றைய முதல் பரிசை மனப்பாட உரைக்கு அளிக்காமல், அந்த நோட்டிலுள்ள சிறந்த கேள்விக்கு அளியுங்கள். அதைக் கேட்ட பிள்ளை விடை தேடிச் செல்ல, அடுத்த கல்வியாண்டிலும் ஆய்வகத்தின் கதவைத் திறந்து வையுங்கள்.

அன்புடன்,
அரசுப் பள்ளியில் பயின்ற ஒருவர்