கொலைக்கு யாரிடம் கையெழுத்து வாங்குவது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்குச் சோம்பல் காரணம் இல்லை. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். படிக்காதே, எழுதாதே என்று கட்டளை. இப்போது எல்லாமே கழுவித் துடைத்து வைத்த மாதிரி தெரிகிறது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்ததுதான் தப்பு.

நீ மறுபடி சதுரங்கம் ஆட ஆரம்பித்ததில் சந்தோஷம். பேரனிடம் தோற்றுவிட்டு விட்டுக்கொடுத்ததாகச் சொல்லிக்கொள்கிறாயே, அதை நம்ப நான் ஆள் இல்லை.

சரி, என் கதை. கண் தெளிந்ததும், நான் சேர்த்து வைத்திருக்கும் கையெழுத்திட்ட புகைப்படங்களை எல்லாம் பீரோவிலிருந்து எடுத்துப் பரப்பினேன். அதில் கொலைக் காட்சிப் படமும் உண்டே. "கொலைக்கு யாரிடமடா கையெழுத்து வாங்குவாய்?" என்று நீ எப்போதோ கேட்டாயே, அது இப்போதும் காதில் இருக்கிறது. அன்று பதில் சொல்லாமல் மழுப்பிவிட்டேன்.

அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் எடுத்த அந்தப் படம் உனக்குத் தெரியும். 1963 நவம்பர் 24, போலீஸ் தலைமையகத்தின் அடித்தளம். இரவு விடுதி நடத்திய ஜாக் ரூபி துப்பாக்கியை நீட்டியிருக்கிறான், ஜனாதிபதி கென்னடியைச் சுட்டதாகப் பிடிபட்டிருந்த ஆஸ்வால்ட் குண்டு பாய்ந்து வலியில் வாய் பிளந்திருக்கிறான். பக்கத்தில் வெளிர்நிற சூட்டும் தொப்பியுமாகத் திகைத்து நிற்பவர் துப்பறிவாளர் ஜிம் லெவெல். அவர் கையும் ஆஸ்வால்ட் கையும் ஒரே விலங்கில். எடுத்தவர் பத்திரிகைப் புகைப்படக்காரர் பாப் ஜாக்சன். மறு வருடமே பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சர் பரிசு.

என்னை அந்தப் படத்தோடு கட்டிப்போட்டது அதற்கு முந்தின கதை. இரண்டு நாள் முன்பு, கென்னடி சுடப்பட்ட ஊர்வலத்தில் ஜாக்சனும் ஒரு காரில் வந்தார். வெடிச்சத்தம் கேட்டு நிமிர்ந்தால் மேலே ஜன்னலில் துப்பாக்கிக் குழல். கையில் கேமரா, ஆனால் அதில் ஃபிலிம் இல்லை! முடிந்த சுருளை அப்போதுதான் கழற்றியிருந்தார். அந்த ஏமாற்றத்தோடு அடித்தளத்தில் போய் நின்ற மனிதருக்குத்தான் இது கிடைத்தது. போட்டிப் பத்திரிகையின் ஜாக் பியர்ஸ் ஏறக்குறைய அரை நொடி முந்தி அழுத்திவிட்டார். அவர் படத்தில் ரூபி பாய்கிறான், குண்டு இன்னும் வெடிக்கவில்லை. முந்தியதால் தோற்ற ஆள் அவர்.

லெவெல் 2019இல், 99 வயதில் இறந்தார். அந்தப் படத்தில் எத்தனையோ பேருக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்தவர். என்னிடம் அப்படி இரண்டு பிரதி இருந்தன. இருந்தன என்றுதான் சொல்ல வேண்டும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்துச் சாய்த்துப் பார்த்தேன். ஒன்றில் மை தாளின் பளபளப்புக்கு மேலே தனியாக மின்னியது, பேனா அழுந்திய தடம்கூடத் தெரிந்தது. மற்றதில் கையெழுத்தும் சுவரும் சூட்டும் ஒரே பளபளப்பு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் கையெழுத்து முழுக்கப் புள்ளி புள்ளியாக, படத்தோடு சேர்ந்தே அச்சானது. விற்ற மகானுபாவர் உறுதிச் சான்றிதழ் வேறு கொடுத்திருந்தார். அதில் கையெழுத்துப் போட்டிருப்பவரும் அவரேதான்! நான்தான் ஏமாளி என்று நினைக்காதே. அமெரிக்காவின் மத்திய புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. ஒரு சமயம் கள்ளக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தபோது, அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகள்கூட அகப்பட்டன.

ஆனால் அந்தப் போலியைவிட, ரயில் கொள்ளைக்காரன் ரோனி பிக்ஸ் கையெழுத்திட்ட படம்தான் என்னை உறுத்தியது. நாம் இளைஞர்களாக இருந்தபோது அந்த இங்கிலாந்து ரயில் கொள்ளைக் கதையை எவ்வளவு ரசித்தோம்! சிக்னலின் பச்சை விளக்கைக் கையுறையால் மூடி, பேட்டரி வைத்துச் சிவப்பை எரியவிட்டு, தபால் ரயிலை நிறுத்தி 26 லட்சம் பவுண்டு. பிறகு சிறைச்சுவர் ஏறித் தப்பி, பிரேசிலில் சுற்றுலாப் பயணிகளோடு போஸ் கொடுத்துக் காசு பார்த்தவன் பிக்ஸ். சிரித்த முகம், கீழே கிறுக்கலாகப் பெயர். அந்த ரயிலை ஓட்டி வந்த ஜாக் மில்ஸை இரும்புக் கம்பியால் மண்டையில் அடித்தார்கள். அடித்தது பிக்ஸ் இல்லை, ஆனாலும் அந்தக் கும்பல்தான். மில்ஸ் பழைய ஆளாக மீளவே இல்லை, 1970இல் இறந்தார். அவர் கையெழுத்து வேண்டும் என்று நான் ஒரு நாளும் தேடியதில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது.

எனவே உன் கேள்விக்குப் பதில்: பார்த்தவனிடம் வாங்குவேன், செய்தவனிடம் மாட்டேன். டல்லாஸ் படத்திலும் கொஞ்சம் இடறுகிறதுதான். ஜாக்சனும் லெவெலும் ஓரமாகக் கையெழுத்திட்டிருக்கிறார்கள், நடுவில் துடிப்பவனைக் கேட்க முடியாது. அதை நான் சுவரில் மாட்டியதில்லை, மாட்டப்போவதும் இல்லை.

பிக்ஸை விற்க மனம் வரவில்லை. விற்றால் வேறொருவன் சட்டம் போட்டு மாட்டுவான். கிழிக்கவும் கை வரவில்லை. அப்புறம் எடுத்து, அந்தப் போலி லெவெலோடு ஒரே உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். அடுத்த தடவை வரும்போது நீயே கொண்டுபோய் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். அதற்குள் பதில் போடு. எழுத்தைப் பெரிதாகப் போடு.

உன்,
பழைய கூட்டாளி