வருடத்துக்கு ஒரு நாள் வகுப்பு போதாது: டர்பனில் உணவகமும் கேட்டரிங்கும் நடத்தும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அண்ணன்மார்களே, அக்காமார்களே,

சாட்ஸ்வொர்த்தில் டேக்அவே வைத்திருப்பவர்கள், பீனிக்ஸிலும் வெருலத்திலும் கல்யாணச் சமையல் எடுப்பவர்கள், டோங்காட், இசிபிங்கோ பக்கம் கோயில் திருவிழாவுக்கு அண்டா அண்டாவாகச் சமைத்துக் கொடுப்பவர்கள், உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பல வருடங்களாக இந்த ஊர்ச் சமையலறைகளில் மேற்பார்வை வேலை பார்ப்பவன் நான். கேட்பது ஒன்றுதான். வேலையாட்களுக்கு வருடத்தில் ஒரு நாள் நடத்தும் உணவுச் சுகாதார வகுப்பை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அதே பாடத்தைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து, வாரத்துக்கு இரண்டு தடவை, வருடம் முழுக்கக் கொடுங்கள்.

இப்போது நடப்பது உங்களுக்கே தெரியும். கூட்டம் குறைந்த ஒரு நாள் பார்த்துக் கடையைப் பாதி மூடுகிறோம். வெளியிலிருந்து ஒருவர் ப்ரொஜெக்டரோடு வருகிறார். காலை எட்டு மணிக்குக் கைகழுவுவதில் தொடங்கி, மதியத்துக்குள் கிருமி, வெப்பநிலை, எலி, கரப்பான், பச்சை இறைச்சிக்குத் தனிப் பலகை, ஒவ்வாமை என்று எல்லாம் முடித்து, சாப்பாட்டுக்குப் பிறகு தீயணைப்பான் வரை போய்விடுகிறார். நாலு மணிக்குச் சான்றிதழ். சான்றிதழ் கோப்புக்குள் போகிறது, நகராட்சி சுகாதார ஆய்வாளர் வந்தால் எடுத்துக் காட்டுகிறோம். சொல்லிக்கொடுத்தவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, பலர் நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் இரண்டு மாதம் கழித்து, நன்கு வேலை தெரிந்த ஒரு பெண்ணிடம், “மிச்சச் சோற்றை எவ்வளவு நேரத்துக்குள் ஆறவைக்கணும் மா?” என்று கேட்டுப் பாருங்கள். அன்றைக்குச் சரியாகப் பதில் சொன்னவர் இன்றைக்கு யோசிப்பார். அவர் மேல் தப்பில்லை. ஒரே நாளில் கொட்டினால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

சோற்றை வேண்டுமென்றேதான் எடுத்தேன். நம் தொழிலில் பிரியாணிதான் பெரிய வருமானம், பெரிய ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற ஒரு கிருமி இருக்கும். அதன் வித்துகள் கொதிக்கிற தண்ணீரிலும் சாவதில்லை. வெந்த சோறு அண்டாவிலேயே மூடி வைத்து மெதுவாக ஆறும்போது அந்த வித்துகள் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்குகின்றன. அந்த நஞ்சோ மறுபடி சூடாக்கினாலும் போவதில்லை. “சுடச்சுடத்தானே கொடுத்தோம், எப்படி வாந்தி வந்தது?” என்று கல்யாண வீட்டில் கேட்கிறார்கள் அல்லவா, விடை பெரும்பாலும் முந்தின இரவில் இருக்கும். செய்யவேண்டியது சின்ன வேலை. அண்டாவிலிருந்து எடுத்துத் தட்டையான ட்ரேக்களில், இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பவேண்டும். 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கவேண்டும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள். தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்து எழுதிவைக்கவேண்டும். அவ்வளவுதான். இதைச் சொல்லிக்காட்ட ஒரு நாள் எதற்கு? அண்டா இறங்குகிற நேரத்தில், அண்டாவுக்குப் பக்கத்திலேயே நின்று, பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

அப்புறம் மூன்று நாள் கழித்து ஒரு நிமிடம் ஒதுக்கிக் கேளுங்கள்: “ட்ரேயில் எவ்வளவு உயரம்? எத்தனை டிகிரி?” அடுத்த வாரம் மறுபடி. அடுத்த மாதம் மறுபடி. இடைவெளி நீண்டுகொண்டே போகலாம். முதலில் நாமே பாடத்தைத் திருப்பிச் சொல்லிவிடக்கூடாது, அவர்களை நினைவுபடுத்திப் பார்க்கவிடவேண்டும். தேடி எடுக்கிற அந்த முயற்சிதான் பாடத்தை ஆழமாக இறக்குகிறது. தப்பாகச் சொன்னால் உடனே திருத்திவிட்டால் போதும்.

இது என் சொந்த நம்பிக்கை மட்டும் இல்லை. ஜெர்மனியில் ஹெர்மன் எப்பிங்ஹாஸ் 1885-லேயே தன் நினைவை வைத்துத் தானே சோதனை செய்து எழுதினார். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்தபோது, ஒரே மூச்சில் 68 தடவை திருப்பிப் படித்தால் கிடைத்த பலன், மூன்று நாளாகப் பிரித்து 38 தடவை படித்தபோதே அவருக்குக் கிடைத்துவிட்டது. அசையும் சமையலும் ஒன்றா என்று கேட்பீர்கள், நியாயம்தான். கை வேலைக்கும் இது பொருந்துகிறது. 2006-ல் டொராண்டோவில் 38 இளம் அறுவை மருத்துவர்களை இரண்டு பிரிவாக்கி, நுண்ணிய இரத்தக்குழாய்களை இணைக்கும் தையலைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு நான்கு பாடமும் ஒரே நாளில், இன்னொரு பிரிவுக்கு வாரம் ஒன்றாக நான்கு வாரம். ஒரு மாதம் கழித்துச் சோதித்தபோது வாரம் ஒன்றாகக் கற்றவர்கள் தெளிவாக முன்னால் நின்றார்கள். பாடம் அதே பாடம், மொத்த நேரமும் அதேதான். பிரித்துக் கொடுத்தது ஒன்றுதான் வித்தியாசம்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இன்னொரு சோதனை. 1970-களில் பிரிட்டிஷ் தபால்துறை, கடிதங்களைப் பிரிக்கும் இயந்திரத்துக்காகத் தன் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்றுக்கொடுத்தது. பேட்லி, லாங்மன் என்ற இரு ஆய்வாளர்கள் அவர்களை நான்கு குழுவாக்கினார்கள். ஒரு குழுவுக்குத் தினமும் ஒரே ஒரு மணி நேரம். இன்னொரு எல்லையில், தினமும் இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு மணி நேரம். மொத்தப் பயிற்சி மணிக்கணக்கில் பார்த்தால், தினமும் ஒரு மணி நேரம் கற்றவர்கள்தான் குறைந்த நேரத்தில் விசைப்பலகையைக் கைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் பயிற்சி பிடித்திருந்ததா என்று கேட்டபோது, அவர்கள்தான் அதிகம் குறைப்பட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் நாள்கணக்கில் முன்னால் போவதாக அவர்களுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான் காரணம்.

இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் எல்லோரும் “சூப்பர், நிறையக் கத்துக்கிட்டோம்” என்பார்கள். கருத்துப் படிவத்தில் ஐந்துக்கு ஐந்து போடுவார்கள். பத்து நிமிடப் பாடத்தைத் தொடங்கினால் முதல் மாதம் முணுமுணுப்பு வரும், “இதையே எத்தனை தடவை கேட்பது?” என்பார்கள். அந்த முணுமுணுப்பைக் கேட்டுப் பழைய வழிக்குத் திரும்பிவிடாதீர்கள். படிவத்தைத் தள்ளிவைத்துவிட்டு, குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருக்கும் வெப்பநிலைத் தாளைப் பாருங்கள். அதில் எழுத்து ஒழுங்காக விழுகிறதா என்பதுதான் கணக்கு.

நம் ஊருக்கே உரிய காரணங்களும் இருக்கின்றன. நம் சமையலறைகளில் வேலை பார்க்கும் பெண்களில் நிறையப் பேர் வீட்டில் பேசுவது ஸுலு. நாள் முழுக்க ஆங்கிலத்தில் ஸ்லைடு பார்ப்பது அவர்களுக்குச் சுமை. பத்து நிமிடப் பாடமென்றால், மூத்த சமையற்கார அம்மா ஒருவரே ஸுலுவில் நடத்திவிடலாம். அவருக்கு மரியாதையும் கூடும், கேட்பவர்களும் கூச்சமில்லாமல் திருப்பிக் கேட்பார்கள். இன்னொன்று, ஆள் மாறுவது. திருவிழா, கல்யாண சீசனுக்கென்று வார இறுதி ஆட்களை எடுக்கிறோம். மார்ச்சில் வகுப்பு நடந்து முடிந்திருந்தால் ஏப்ரலில் சேர்ந்தவருக்கு அடுத்த மார்ச் வரை ஒன்றும் கிடையாது. சுற்றிச் சுற்றி வருகிற பாடத்தில் யார் எந்த வாரம் சேர்ந்தாலும் அந்த வாரத்திலிருந்தே கற்றுக்கொள்ளத் தொடங்கிவிடுவார்.

2017, 2018-ல் தென்னாப்பிரிக்காவில் லிஸ்டீரியா என்ற, உணவில் பரவும் கிருமி வந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய், இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, பிறந்த குழந்தைகள் உட்பட. சமைக்காமலே சாப்பிடும் போலனி என்ற பதப்படுத்திய இறைச்சியிலிருந்து வந்தது என்று 2018 மார்ச்சில் அரசு அறிவித்தது. அதே வருடம் ஜூனில் ஆர் 638 என்ற உணவுக் கடைச் சுகாதார விதிகள் வந்தன. கடைக்குப் பொறுப்பாளரும் பயிற்சி பெற்றிருக்கவேண்டும், உணவைக் கையாளும் ஆட்களும் பயிற்சி பெற்றிருக்கவேண்டும் என்கிறது அது. தாள் ஒன்று கோப்பில் இருப்பதற்காக எழுதப்பட்ட விதி இல்லை அது.

சரி, நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். மதிய நெரிசலுக்கு முன்னால், பத்து மணி சுமாருக்கு, தேநீர் நேரத்தை ஒட்டி வையுங்கள். ஷிஃப்ட் முடிந்த பிறகு வைக்காதீர்கள். கடைசி மினிபஸ் டாக்ஸியைப் பிடிக்கவேண்டிய பெண்ணுக்கு எந்தப் பாடமும் காதில் ஏறாது. சம்பள நேரத்துக்குள்ளேயே வைக்கவேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வாட்ஸாப்பில் வீடியோ அனுப்பி “வீட்டில் பார்த்துக்கோ” என்பதும் சரியில்லை. டேட்டா அவர்கள் காசு, ஓய்வு அவர்கள் நேரம். அனுப்பத்தான் வேண்டுமென்றால் கடை வைஃபையில், கடை நேரத்தில்.

ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு செயல், அதையும் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு. தெர்மாமீட்டர் பாடமா, ஒரு டம்ளர் நிறைய ஐஸ் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, கம்பியை நடுவில் பிடித்து, 0 காட்டுகிறதா என்று ஒவ்வொருவரும் பார்க்கட்டும். கொதிநீரில் சரிபார்ப்பதென்றால் டர்பன் கடற்கரையில் 100 காட்டும், ஜோகன்னஸ்பர்க்கில் கிளை திறந்திருப்பவர்களுக்கு உயரத்தால் 94-ஐ ஒட்டித்தான் காட்டும், தெர்மாமீட்டர் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மின்சாரம் போகும்போது குளிர்ப்பெட்டிக் கதவை யார் திறக்கலாம், எப்போது தாளில் எழுதவேண்டும் என்பது இன்னொரு பாடம். முந்திரி, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத வாடிக்கையாளர் “இதில் அது இருக்கிறதா?” என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்பது மற்றொன்று.

எல்லாவற்றையும் இப்படி நறுக்கமுடியாது. முதலுதவிச் சான்றிதழுக்கு முழு வகுப்பு போய்த்தான் ஆகவேண்டும். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் சான்றிதழ் பெற்ற ஒருவராவது இருக்கவேண்டும் என்பது சட்டம். ஆனால் அந்தச் சான்றிதழ் மூன்று வருடம் செல்லும், இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் கைப்பழக்கமோ சில மாதங்களிலேயே தேய்ந்துவிடுகிறது. அதனால் வகுப்புக்குப் போய்வந்தவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் மற்றவர்கள் முன்னால் செய்து காட்டட்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வருடச் சம்பளக் கணக்கு 5,00,000 ராண்டைத் தாண்டினால் அதில் 1 சதவீதத்தைத் திறன் மேம்பாட்டு வரியாக நீங்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 30-க்குள் பயிற்சித் திட்டத்தையும் முந்தின வருட அறிக்கையையும் துறைக்குரிய செட்டாவிடம் (தொழில் பயிற்சியைக் கவனிக்கும் அமைப்பு) கொடுத்தால், அதில் ஒரு பங்கைத் திரும்பக் கேட்கலாம். நம்மில் சிலர் அந்தப் பணத்தைப் போனதாகவே நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் தேதி, பாடம், நடத்தியவர், வந்தவர்கள் கையெழுத்து என்று ஒரு நோட்டுப் போடுங்கள். அறிக்கை எழுதும்போது எது கணக்கில் சேரும் என்று செட்டாவிடமே கேட்டுக்கொள்ளலாம். ஆய்வாளர் வரும்போதும் ஒரே ஒரு சான்றிதழைவிட அந்த நோட்டு உங்களுக்குப் பலமாக நிற்கும்.

பெரிய வெள்ளிக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் கூடும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அதற்கு முன்னால் எட்டு வாரம் கையில் இருக்கிறமாதிரி தொடங்குங்கள். முதல் வாரம் சோறு ஆறவைப்பது. இரண்டாவது வாரம் தெர்மாமீட்டர், கூடவே சோற்றைப் பற்றி ஒரு கேள்வி. மூன்றாவது வாரம் பச்சை இறைச்சிக்கு ஒரு பலகை, சமைத்ததற்கு ஒரு பலகை என்ற பாடம், கூடவே முந்தின இரண்டிலிருந்தும் ஒவ்வொரு கேள்வி. பாடங்களை எழுதித்தர ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். ஸுலுவில் எழுத எனக்குத் தெரிந்த சமையற்கார அம்மாக்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு மட்டும் அந்த நேரத்துக்கான கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
டர்பனிலிருந்து ஒரு சமையலறை மேற்பார்வையாளர்