நோட்ட குடுத்தது நாங்க, பாக்க லெட்டர் கேக்கறது நீங்க

மதிப்பிற்குரிய ஆவண அறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஆபீஸ் பேர இங்க போடல, போன வாரம் மாடிப்படியில ஒரு வயசான அம்மாவ மத்தியானம் வரைக்கும் உக்கார வச்சது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். அவங்க எங்க அத்தை. அவங்க அப்பா, அதாவது எங்க தாத்தா எழுதுன டைரிங்க உங்ககிட்ட இருக்கு. 2018ல கஜா புயல்ல வீட்டு ஓடெல்லாம் பறந்தப்ப அரிசி ட்ரம்ல போட்டு மூடி அத்தை காப்பாத்துன நோட்டுங்க, இனிமே வீட்ல வேணாம் கவர்மெண்ட்கிட்ட பத்திரமா இருக்கும்னு நாங்களே கொண்டாந்து குடுத்தது. இப்ப பாக்கணும்னா யுனிவர்சிட்டி ப்ரொபசர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வரணுமாம். ரூல்ஸ் இருக்கும், இல்லேங்கல. அப்பா கையெழுத்த பாக்க பொண்ணுக்கு ப்ரொபசர் சிபாரிசா?

தாத்தாவுக்கு நாகப்பட்டினத்துல படகு வேலை. பெரிய கப்பல் கரைக்கு வராது, வெளியவே நங்கூரம் போட்டு நிக்கும், ஆளு மூட்டை எல்லாத்தையும் படகுலதான் கொண்டு போய் ஏத்தணும். ராஜுலா கப்பல் தெரியும்ல, 1926ல கட்டுனது, மெட்ராஸ் நாகப்பட்டினம் பினாங்கு சிங்கப்பூர்னு ஓடி 1974ல ஒடைச்சாங்களே, அது வர்ற அன்னைக்கு நோட்ல பக்கமே ரொம்பிடும். கதையெல்லாம் எழுத மாட்டாரு. ஒரு நடைக்கு ஒரு கோடு, அஞ்சாவது கோடு குறுக்க. வெங்காய மூட்டை ஏத்துனா ஒரு வட்டம். மேஸ்திரிகிட்ட முன்பணம் வாங்குனா ஓரத்துல புள்ளி, கடன் கழிஞ்சதும் அந்தப் புள்ளி மேலயே ஒரு அடி. ஐப்பசி கார்த்திகைல வாடைக்காத்துல கடல் கொந்தளிச்சா கோடே இருக்காது, புள்ளியா இருக்கும். தை பொறந்தா அறுப்புக்குப் போயிடுவாரு, அங்க கூலி நெல்லு, கோடு போயி மரக்கால் கணக்கு வந்துரும்.

இந்தக் குறியெல்லாம் படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் இன்னைக்கு எங்க அத்தைதான், சின்னப்புள்ளையில அரிக்கேன் வெளிச்சத்துல பக்கத்துல உக்காந்து கூட்டிச் சொன்னவங்க. அவங்கள படியில உக்கார வச்சுட்டு எந்த ப்ரொபசர் வந்து அந்தப் புள்ளிக்கு அர்த்தம் சொல்லப் போறாரு? அவங்கள உள்ள விடுங்கங்க, அவ்வளவுதான் கேக்கறோம்.

கதவு தொறந்திருந்தப்ப எட்டிப் பாத்தேன். தாத்தா நோட்டுக் கட்டு கீழ்த்தட்டுல ஈரச் செவுத்த ஒட்டிக் கெடக்கு, சணல் போட்டு இறுக்குனதுல அட்டை மடங்கிப் போச்சு. ட்ரம்லயே விட்டிருக்கலாம் போல.

புதுச்சேரில ஆனந்தரங்கப் பிள்ளை 1736லேருந்து 1761 வரைக்கும் டைரி எழுதுனாரு, எந்தக் கப்பல் வந்துச்சு என்ன சரக்குன்னு அதுலயும் இருக்கு. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்கு துபாஷி, அதாவது மொழிபெயர்த்துச் சொல்றவரு, பெரிய மனுஷன். அதுவே 1846ல ஒருத்தர் கண்ணுல பட்டதாலதான் வெளிய வந்துச்சு. மூட்டை தூக்குனவன் எதுவும் எழுதி வைக்கலியேன்னு மேடைல வருத்தப்படறது, எழுதுனத கொண்டாந்து குடுத்தா கீழ்த்தட்டுல போடறது. நாகப்பட்டினத்துல 1658லேருந்து 1781 வரைக்கும் இருந்த டச்சுக்காரன் அவன் கம்பெனி பேப்பர நெதர்லாந்துல ஹேக் ஊர்ல வச்சு ஸ்கேன் பண்ணி நெட்லயே விட்டுருக்கான், நான் வீட்ல படுத்துக்கிட்டே பாக்கறேன், எவன்கிட்டயும் லெட்டர் வாங்கல. நம்மூரு தாத்தா நோட்ட பாக்கத்தான் நம்மூர்ல வழியில்ல.

கோவத்துல ரொம்பப் பேசிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்ககிட்ட ஆள் கம்மி, எடம் கம்மி, அதுவும் தெரியும். நோட்ட திருப்பிக் கேக்கல. ஐப்பசி மழைக்கு முன்னாடி அத மேல் தட்டுக்கு மாத்துங்க, அத்தைய உள்ள விடுங்க, அவங்க படிக்கப் படிக்க பக்கத்த போன்ல போட்டோ எடுத்துக்க விடுங்க. குறியோட அர்த்தத்தையெல்லாம் எழுதி உங்களுக்கும் ஒரு காப்பி தர்றோம். அத்தைக்கு கண்ணு மங்கிட்டே வருது, அதனாலதான் இந்த அவசரம். எந்த நாளுன்னு சொன்னா போதும், ஆட்டோ வச்சு கூட்டிட்டு வந்துடறோம். படி ஏற முடியாது, நோட்ட கீழ எறக்கிக் குடுத்தா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
டைரிக்காரர் பேரன்