மெய்ப்புப் பார்ப்போரை ஒருங்கிணைக்க ஒருவர் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருள்களின் பயனர் கையேடுகளில் பிழைகள் மலிந்திருப்பது பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரை, தன்னார்வலர்கள் போதிய அளவில் முன்வராததே அதற்குக் காரணம் என்று கூறியிருந்தது. அத்தகைய கையேடு ஒன்றுக்கு மெய்ப்புப் பார்ப்போரை, அதாவது பிழை திருத்துவோரை, ஒருங்கிணைத்து வருபவன் என்ற முறையில் நான் இதில் மாறுபடுகிறேன். முன்வருவோர் பலர் உள்ளனர். எந்தப் பகுதியை, எந்த விதிப்படி பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லத்தான் பெரும்பாலும் ஆளில்லை.

முழுக் கையேட்டையும் அனைவருக்கும் அனுப்பிவிட்டால், முதல் அத்தியாயத்தைப் பலரும் திருத்துவார்கள், கடைசி அத்தியாயத்தை ஒருவரும் தொடமாட்டார்கள். ஒருவர் சேர்த்தெழுதியதை மற்றொருவர் பிரித்தெழுதுவார். இதற்கு வழி ஏற்கெனவே கண்டறியப்பட்டிருக்கிறது. பழைய நூல்களை, இலவச மின்னூலகமான குட்டன்பெர்க் திட்டத்துக்காக மின்னூலாக்க 2000-ஆம் ஆண்டில் சார்லஸ் ஃபிராங்க்ஸ் தொடங்கிய 'டிஸ்டிரிபியூட்டட் புரூஃப்ரீடர்ஸ்' என்ற தன்னார்வலர் இணையதளம், வேலையைத் தனித்தனிப் பக்கங்களாகப் பிரித்து, அனைவருக்கும் பொதுவான விதிகளைத் தந்து, ஒவ்வொரு பக்கத்தையும் பல சுற்றுகளில் பார்க்கச் செய்கிறது. இணைய நூலகமான விக்கிமூலத்திலும் ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சள் நிறக் குறியுடன் நிற்கும். வேறொருவர் சரிபார்த்த பின்னரே அது பச்சையாகும்.

பயனர் கையேட்டுக்கு இது மட்டும் போதாது. நூலுக்கு ஒப்பிட்டுப் பார்க்க அச்சுப் பக்கம் இருக்கிறது. கையேட்டை மென்பொருளோடுதான் ஒப்பிட முடியும். இலக்கணப் பிழையே இல்லாத ஒரு வாக்கியம், புதிய பதிப்பில் இடம் மாறிவிட்ட பொத்தானை அழுத்தச் சொல்லிக்கொண்டிருக்கலாம். ஆகவே இரண்டாவதாகப் பார்ப்பவர் கணினியின் முன் அமர்ந்து, எழுதியுள்ள படிகளை ஒன்றுவிடாமல் செய்து பார்க்க வேண்டும். மென்பொருளுக்குப் புதியவரே இதற்கு மிகவும் ஏற்றவர் என்பது என் உறுதியான கருத்து; பழகியவர் விடுபட்ட படியைத் தம்மையறியாமலே மனத்தில் நிரப்பிக்கொண்டு கடந்துவிடுவார்.

திருத்தம் அனுப்பியவருக்கு, அது ஏற்கப்பட்டதா, இல்லையென்றால் ஏன் என்பதைத் தாமதமின்றித் தெரிவிப்பதும் ஒருங்கிணைப்பாளரின் கடமை. மறுப்பைக்கூடத் தாங்கிக்கொள்ளும் தன்னார்வலர், பதிலே வராத இடத்துக்கு மறுபடியும் வருவதில்லை.

எனவே, திட்டங்களை நடத்துவோர் நிரலாளர்களைத் தேடும்போதே இப்பணிக்கென ஒருவரையும் அமர்த்த வேண்டுகிறேன். அவரது அன்றாட வேலையை விளக்கித் தாங்கள் ஒரு கட்டுரை வெளியிட்டால், உதவ விரும்பியும் வழி தெரியாதிருக்கும் வாசகர்களுக்கு அது பெரிதும் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்